கற்பித்தலும் ஒரு கைவினையே: இப்னு கல்தூனின் கற்றல் கோட்பாடு

ஒரு சிறுவன் நூலொன்றைத் தொடக்கம் முதல் முடிவு வரை பிழையின்றி ஒப்பிக்கிறான். அந்நூலில் உள்ள ஒரு செய்தியையே வேறு சொற்களில் மாற்றி வினவினால் விடையறியாது நிற்கிறான். அவனிடம் இருப்பது அறிவா, அறிவின் சொற்கள் மட்டுமா? நம் குர்ஆன் மதரஸாக்களிலும் பள்ளிக்கூடங்களிலும் நாள்தோறும் காணும் இக்காட்சியை முன்னிட்டு இரு சாரார் வாதிட்டு வருகின்றனர். மனனமே கல்வியின் அடித்தளம் என்பர் ஒரு சாரார். மனனம் சிந்தனையை மழுக்கிவிட்டது, புரிதலே கல்வி என்பர் மறு சாரார். இவ்விவாதத்தில் முன்னவர் மரபின் பெயராலும் பின்னவர் நவீன உளவியலின் பெயராலும் பேசுவது வழக்கமாகிவிட்டது.

ஆனால் மரபு இவ்வினாவுக்கு அளித்த விடை, இவ்விரு சாராரும் எண்ணுவதைவிட ஆழமானது. ஏறத்தாழ ஆறரை நூற்றாண்டுகளுக்கு முன் வட ஆப்பிரிக்காவில் வாழ்ந்த இப்னு கல்தூன், மனிதனிடத்தில் அறிவு எவ்வாறு தோன்றி, எவ்வாறு வளர்ந்து, எவ்வாறு நிலைபெறுகிறது என்பதைத் தம் ‘முகத்திமா’வின் ஆறாம் பகுதியில் விரிவாக ஆராய்ந்துள்ளார். அரசுகளின் எழுச்சி வீழ்ச்சியையும் ‘அஸபிய்யா’ எனும் குழுப்பற்றையும் ஆராய்ந்தவராகவே அவரை நாம் பெரிதும் அறிவோம். கற்றலின் இயல்பை ஆராய்ந்தவராக அவரை அறிந்தோர் நம்மிடையே குறைவு. அக்குறையைச் சிறிதளவேனும் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கொள்ளைநோயும் ஓர் ஆசிரியரும்

இப்னு கல்தூன் ஹிஜ்ரி 732 ரமழான் முதல் நாளில் (27 மே 1332) தூனிஸ் நகரில் பிறந்தார். அவருடைய முன்னோர் அந்தலுஸின் இஷ்பீலியா நகரில் செல்வாக்குடன் வாழ்ந்து, அந்நகர் 1248-இல் கைவிட்டுப் போகும் காலத்தில் வட ஆப்பிரிக்காவில் குடியேறியவர்கள். இளமையில் குர்ஆனையும் அரபு இலக்கணத்தையும் ஃபிக்ஹையும் அவர் முறையாகக் கற்றார். 1348-49-இல் பரவிய பெருங்கொள்ளைநோய் அவருடைய பெற்றோரையும் ஆசிரியர் பலரையும் ஒருசேரக் கொண்டுபோயிற்று. கல்வி என்பது நூல்களில் மட்டும் இருப்பதன்று, மனிதர்களோடு வாழ்ந்து மனிதர்களோடு மறைந்துபோகக் கூடியது என்பதைப் பதினேழு வயது இளைஞர் ஒருவர் இதைவிடக் கடுமையாக உணர்ந்திருக்க இயலாது.

அந்நாளில் அவருக்கு எஞ்சியிருந்த ஆசிரியருள் தலையாயவர் திலிம்ஸானைச் சேர்ந்த முஹம்மது பின் இப்ராஹீம் அல்-ஆபிலீ. தர்க்கம், கணிதம், மெய்யியல் ஆகியவற்றில் அக்கால மக்ரிபின் பேராசான் அவர். நூல்கள் அளவின்றிப் பெருகியதும், உதவித்தொகையோடு கூடிய மதரஸாக்கள் எங்கும் எழுந்ததும் கல்வியைச் சீரழித்தன என்னும் கருத்துடையவர். இவ்வாசிரியரின் மேற்பார்வையில், 1351-இல், தம் பத்தொன்பதாம் வயதில் இப்னு கல்தூன் எழுதிய முதல் நூல் இமாம் ஃபக்ருத்தீன் ராஸியின் ‘முஹஸ்ஸல்’ நூலுக்கு ஒரு சுருக்கம். பிற்காலத்தில் சுருக்க நூல்களைக் கடிந்து எழுதியவரின் முதல் நூலே ஒரு சுருக்கமாக அமைந்தது கருதத்தக்கது. தாம் கண்டித்ததை அவர் வெளியிலிருந்து பார்த்துக் கண்டிக்கவில்லை.

பின்னர் ஃபாஸ், கர்னாதா, பிஜாயா எனப் பல அரசவைகளில் பணியாற்றி, சிறையும் கண்டு, அரசியலில் சலிப்புற்று, 1375-இல் இன்றைய அல்ஜீரியாவில் உள்ள இப்னு ஸலாமா கோட்டையில் ஒதுங்கினார். அங்கேதான் 1377-இல் ஐந்து மாத காலத்தில் முகத்திமாவின் முதல் வரைவை முடித்தார். 1382-இல் எகிப்து சென்ற பின் அல்-அஸ்ஹரிலும் காஹிராவின் மதரஸாக்களிலும் பாடம் நடத்தினார். மாலிகீ மத்ஹபின் தலைமைக் காழியாகவும் பன்முறை பதவி வகித்து 1406-இல் மறைந்தார்.

அறியாமையில் தொடங்கும் மனிதன்

மனிதன் தன் இயல்பால் அறியாதவன், ஈட்டலால் அறிஞனாகிறவன் என்பது இப்னு கல்தூனின் அடிப்படை நிலைப்பாடு. மனிதன் அறியாதவற்றை எழுதுகோலைக் கொண்டு இறைவன் அவனுக்குக் கற்பித்ததைப் பேசும் சூரத்துல் அலக்கின் தொடக்க வசனங்களை இதற்கு அவர் ஆதாரமாக்குகிறார். தாயின் கருவறையிலிருந்து எதையும் அறியாத நிலையில் வெளிவந்த மனிதனுக்குச் செவியும் பார்வையும் இதயமும் அருளப்பட்டதைக் கூறும் சூரத்துந் நஹ்லின் வசனமும் இங்கு நம் நினைவுக்கு வரும். அறிவு முன்கூட்டியே நிறைந்த பாண்டமாக மனிதன் பிறப்பதில்லை. அறிவை ஈட்டும் வாயில்களோடு பிறக்கிறான்.

அவ்வாயில்களின் வழியே சிந்தனை மூன்று படிகளில் வளர்கிறது என்கிறார் அவர். புற உலகில் எது எதன் பின் வரும் என்னும் ஒழுங்கை அறிந்து, நன்மையை நாடித் தீமையைத் தவிர்க்கும் பகுத்தறியும் அறிவு முதலாவது. சக மனிதர்களோடு பழகும் முறைகளையும் அதற்கான கருத்துகளையும் சிறிது சிறிதாகப் பட்டறிந்து பெறும் அனுபவ அறிவு இரண்டாவது. செயலோடு நேரடித் தொடர்பின்றி, புலன்களுக்கு அப்பாற்பட்டவற்றைக் குறித்தும் எண்ணித் துணியும் ஆய்வறிவு மூன்றாவது.

இரண்டாம் படியை விளக்கும்போது அவர் ஒரு நுட்பமான கருத்தை உரைக்கிறார். அனுபவ அறிவை ஒவ்வொருவரும் தாமே பட்டுப் பட்டுப் பெற இயலும், ஆனால் அதற்கு நெடுங்காலம் பிடிக்கும். பெற்றோரையும் ஆசிரியரையும் பெரியோரையும் பின்பற்றி, அவர்களிடம் கேட்டு ஏற்பவர் அந்நெடும் பாதையைச் சுருக்கிக் கொள்கிறார். பெற்றோர் பண்படுத்தாதவனைக் காலம் பண்படுத்தும் என்னும் கருத்துடைய பழமொழியையும் அவர் இவ்விடத்தில் நினைவூட்டுகிறார். அறிவு தனியொரு மூளையில் மட்டும் விளைவதன்று, சமுதாயத்தின் கையிருப்பிலிருந்து கைமாறி வருவது என்பதே இதன் பொருள்.

மலகா என்னும் ஊறிய ஆற்றல்

இப்னு கல்தூனின் கற்றல் கோட்பாட்டிற்கு அச்சாணியாக விளங்கும் சொல் ‘மலகா’. பழக்கத்தால் ஆன்மாவில் ஊறி நிலைத்துவிட்ட ஆற்றல் என்று இதனை ஓரளவு தமிழில் விளக்கலாம். மெய்யியலாரிடத்தில், சிறப்பாக இப்னு ஸீனாவிடத்தில், அறிவின் படிகளுள் ஒன்றைக் குறிக்க இச்சொல் முன்பே வழங்கியது. இப்னு கல்தூன் அதனைத் தச்சுக்கும் தையலுக்கும் மொழிக்கும் ஃபிக்ஹுக்கும் பொதுவாக்கினார்.

மலகா உருவாகும் முறையை அவர் படிப்படியாக விளக்குகிறார். ஒரு செயலை முதன்முறை செய்யும்போது அது ஆன்மாவில் ஒரு பண்பை விட்டுச் செல்கிறது. செயல் மீண்டும் நிகழ, அப்பண்பு ‘ஹால்’ எனும் நிலையாக மாறுகிறது. ஆயினும் அது இன்னும் வேரூன்றவில்லை, நழுவிப் போகக் கூடியதே. மேலும் மேலும் செய்யச் செய்ய அது வேரூன்றி மலகாவாகிறது. துணியில் சாயம் ஏறுவதுபோல் ஆன்மாவில் அது தோய்ந்துவிடுகிறது.

இங்கு அவர் வகுக்கும் ஒரு வேறுபாடு நம் முதல் வினாவுக்கு நேரான விடையாகும். ஒரு துறையின் ஒரு மஸ்அலாவைப் புரிந்துகொள்வதும் நினைவில் வைப்பதும் தொடக்க மாணவனுக்கும் இயலும், கல்லாத பொதுமகனுக்கும் இயலும், தேர்ந்த ஆலிமுக்கும் இயலும். ஆனால் மலகா ஆலிமுக்கு மட்டுமே உரியது. ஆகவே மனனமும் மலகா அன்று. தனியொரு செய்தியைப் புரிந்துகொள்வதும் மலகா அன்று. துறையின் அடிப்படைகளைத் தன்வயமாக்கி, கிளைச் சிக்கல்களை வேரிலிருந்து தானே வருவிக்கும் ஆற்றலே மலகா. மனனமா, புரிதலா என்று வாதிடும் நம் இரு சாராரும் வாயிலிலேயே நின்று விடுகின்றனர் என்பதை இவ்வேறுபாடு உணர்த்துகிறது.

மொழியைக் கொண்டு அவர் தரும் விளக்கம் இன்னும் தெளிவானது. இலக்கண விதிகளை அறிவது மொழியின் மலகாவை அறிவதாகாது. தையலின் ஒவ்வொரு அசைவையும் வாயால் விளக்கத் தெரிந்தும் ஊசியைக் கையிலெடுத்தால் தைக்கத் தெரியாதவனைப் போன்றவரே விதிகளை மட்டும் அறிந்த இலக்கணி. பெரும் இலக்கண விற்பன்னர் சிலர் இரண்டு வரிக் கடிதம் எழுதுவதற்குத் தடுமாறுவதையும், இலக்கணம் நன்கறியாத சிலர் உரைநடையிலும் கவிதையிலும் சிறந்து விளங்குவதையும் அவர் எடுத்துக்காட்டுகிறார்.

மனனத்தை அவர் இகழவில்லை. கவிதை ஆற்றல் வேண்டுவோர் சிறந்த கவிதைகளை மிகுதியாக மனனம் செய்ய வேண்டும் என்றே வலியுறுத்துகிறார். ஆனால் அதன்பின், மனனம் செய்தவற்றின் சொற்கள் மறந்துபோக வேண்டும் என்கிறார். சொற்கள் மறைந்த பின் நெய்வோனின் தறியைப் போன்ற ஒரு வார்ப்பு மனத்தில் எஞ்சும். அதில்தான் புதிய சொற்களை நெய்ய இயலும். கர்னாதாவில் தம் நண்பரும் அமைச்சருமான இப்னுல் கதீபிடம் அவர் தம்மைப் பற்றியே கூறியது இங்கு நினைக்கத்தக்கது. குர்ஆனும் ஹதீஸும் அரபுகளின் பேச்சும் தமக்கு மனனமாயிருந்தும் கவிதை இயற்றுவது கடினமாயிருப்பதாகவும், கிராஅத்திலும் ஃபிக்ஹிலும் தர்க்கத்திலும் பாடநூல்களைச் சிறுவயதில் மனனம் செய்ததே அதற்குக் காரணம் என்றும் அவர் சொன்னார். இப்னுல் கதீப் அதனைக் கேட்டு வியந்து பாராட்டினார். எவ்வளவு மனனம் செய்தோம் என்பதோடு எதனை மனனம் செய்தோம் என்பதும் மனத்தின் வார்ப்பைத் தீர்மானிக்கிறது என்பதே அந்த உரையாடலின் சாரம்.

மூன்று சுற்றுகள்

மலகா திடீரெனத் தோன்றாது எனில், கற்பித்தலும் படிப்படியாகவே அமைதல் வேண்டும். கற்பித்தல் என்பதே கைவினைகளுள் ஒன்று என்கிறார் இப்னு கல்தூன். ஒவ்வொரு புகழ்பெற்ற இமாமுக்கும் கற்பிப்பதில் தமக்கே உரிய கலைச்சொற்கள் உள்ளன. அக்கலைச்சொற்கள் அத்துறையின் உள்ளுறுப்பாயின் எல்லோரிடத்தும் ஒன்றாகவே இருந்திருக்க வேண்டும். துறை ஒன்று, அதனைக் கற்பிக்கும் வினை வேறொன்று என்பதை இதைக் கொண்டு அவர் நிறுவுகிறார். ஆகவே பெரும் புலமை மட்டும் ஒருவரை நல்ல உஸ்தாதாக்கி விடாது.

அவர் வகுக்கும் முறை மூன்று சுற்றுகளைக் கொண்டது. முதற்சுற்றில் ஒவ்வொரு பாடத்தின் தலையாய செய்திகளை மட்டும், மாணவனின் அறிவையும் ஆயத்தத்தையும் நோக்கிச் சுருக்கமாக விளக்க வேண்டும். இதில் கிடைக்கும் மலகா மெலிந்ததே. இரண்டாம் சுற்றில் அதே துறையைத் தொடக்கம் முதல் மீண்டும் எடுத்து, விளக்கங்களோடும் கருத்து வேறுபாடுகளோடும் உயர்ந்த நிலையில் நடத்த வேண்டும். மூன்றாம் சுற்றில் கடினமானது, மறைவானது என ஒன்றையும் விட்டுவைக்காது திறந்து காட்ட வேண்டும். சிலர் இதைவிடக் குறைந்த சுற்றுகளிலும் தேர்ச்சியடையலாம் என்று மாணவரிடையே உள்ள வேற்றுமைக்கும் அவர் இடமளிக்கிறார்.

தம் காலத்து ஆசிரியர் பலர் இதற்கு மாறாக நடந்ததை அவர் கடிந்துரைக்கிறார். தொடக்க மாணவன் முன் முதல் நாளே சிக்கலான மஸ்அலாக்களை வைத்து, அவற்றை அவிழ்க்குமாறு பணித்து, அதனையே பயிற்சியென்று அவர்கள் எண்ணினர். ஆயத்தமாகாத மாணவன் களைத்துப் போகிறான். துறையே கடினமானது என்று முடிவு கட்டி அதிலிருந்து விலகுகிறான். குற்றம் கற்பித்தலில் இருக்க, பழி துறையின் மீது விழுகிறது.

சுருக்க நூல்களைக் குறித்த அவர் விமரிசனமும் இத்தகையதே. ஃபிக்ஹிலும் உஸூலிலும் இப்னுல் ஹாஜிப், அரபு இலக்கணத்தில் இப்னு மாலிக், தர்க்கத்தில் கூனஜீ ஆகியோரின் சுருக்கங்களை அவர் பெயர் சுட்டியே பேசுகிறார். குறைந்த சொற்களில் மிகுந்த பொருளைத் திணித்த இந்நூல்கள் மனனத்திற்கு எளிதாகத் தோன்றினும், துறையின் முடிவுகளை அதன் தொடக்க மாணவனிடம் கொண்டு வந்து கொட்டுகின்றன. மாணவன் பொருளைத் தேடுவதை விட்டுச் சொல்முடிச்சுகளை அவிழ்ப்பதிலேயே காலத்தைச் செலவிடுகிறான். இலகுவாக்க எண்ணிச் செய்தது இடராகிறது.

இரு துறைகளை ஒரே நேரத்தில் கலந்து நடத்துதல் கூடாது என்றும், பாட அமர்வுகளுக்கிடையே நீண்ட இடைவெளி விடுதல் மறதிக்கு வழிவகுக்கும் என்றும் அவர் அறிவுறுத்துகிறார். அனைத்திற்கும் மேலாக நாவை அவிழ்க்க வேண்டும் என்கிறார். உரையாடலும் வாதப் பிரதிவாதமுமே மலகாவை அடைவதற்கு மிக எளிய வழி. இதற்கு அவர் காட்டும் சான்று இரு நகரங்களின் ஒப்பீடு. மதரஸா மாணவர் தங்கிப் பயிலும் காலம் மக்ரிபில் பதினாறு ஆண்டுகள். தூனிஸில் ஐந்தே ஆண்டுகள். மக்ரிபின் மாணவர் வாழ்நாளின் பெரும்பகுதியைப் பாட அவைகளில் மௌனமாகக் கழித்து, மனனத்திலேயே தேவைக்கு மீறி ஈடுபட்டனர். எனவே கற்பித்தல் முறையின் குறையே காலத்தை நீட்டியது என்பது அவர் கணிப்பு. அவர்களின் மனனம் பிறருடையதைவிட மிகுதியாகவே இருந்தது, ஆயினும் உரையாடவோ கற்பிக்கவோ முற்படும்போது அவர்களின் மலகா குன்றியிருப்பதைக் காணலாம் என்கிறார்.

கடுமை அழிக்கும் பண்பு

மாணவர் மீது காட்டப்படும் கடுமையைக் குறித்து முகத்திமாவில் தனியோர் அத்தியாயமே உண்டு. அடக்குமுறையில் வளரும் பிள்ளையின் உள்ளம் ஒடுங்குகிறது, ஊக்கம் அகல்கிறது, சோம்பல் சேர்கிறது. தண்டனைக்கு அஞ்சி உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசக் கற்கிறான். நாளடைவில் அச்சூதும் பொய்யும் அவனுடைய குணமாகவே மாறிவிடுகின்றன. நாம் மேலே கண்ட மலகா விதியே இங்கும் இயங்குகிறது என்பதை ஊன்றி நோக்க வேண்டும். மீண்டும் மீண்டும் செய்யும் செயல் ஆற்றலாக ஊறுமெனில், அச்சத்தால் மீண்டும் மீண்டும் சொல்லும் பொய்யும் அவ்வாறே ஊறும். ஆசிரியர் பாடத்தைக் கற்பிப்பதாக எண்ணியிருக்க, பிள்ளை அங்கே வேறொன்றைக் கற்றுக்கொண்டிருக்கிறான்.

கைரவானின் மாலிகீ அறிஞர் இப்னு அபீ ஸைத், அடித்தே ஆக வேண்டிய நிலையிலும் மூன்று அடிகளுக்கு மேல் கூடாதென வரையறுத்ததை அவர் எடுத்துக்காட்டுகிறார். கலீஃபா ஹாரூன் ரஷீத் தம் மகன் அமீனின் ஆசிரியருக்குக் கூறிய அறிவுரையையும் பதிவு செய்கிறார். ஒரு கணமும் பயனின்றிக் கழியலாகாது, ஆனால் பிள்ளையின் மனம் மடிந்துபோகுமாறு வருத்தவும் கூடாது. அருகணைத்து மென்மையால் திருத்த வேண்டும், அதற்கு இணங்காதபோதே கண்டிப்பு என்பது அவ்வறிவுரையின் கருத்து.

குர்ஆனை எப்போது தொடங்குவது?

இப்னு கல்தூன் ஆராயும் சிக்கல்களுள் மிக நுண்ணியது சிறாரின் பாடத்திட்டம். தம் காலத்து முஸ்லிம் நாடுகளை அவர் ஒப்பிடுகிறார். மக்ரிபில் சிறுவருக்குக் குர்ஆனும் அதன் எழுத்துமுறையும் மட்டுமே கற்பிக்கப்பட்டன. அந்தலுஸில் குர்ஆனை அடிப்படையாக வைத்து, அதனோடு கவிதையும் கடிதக்கலையும் அரபு இலக்கணமும் கையெழுத்தும் சேர்க்கப்பட்டன. இஃப்ரீகியாவில் குர்ஆனோடு பெரும்பாலும் ஹதீஸும் துறைகளின் அடிப்படைகளும் கலந்து நடத்தப்பட்டன. விளைவுகளும் வேறுபட்டன. மக்ரிபின் பிள்ளைகளுக்கு மொழியாற்றல் வளரவில்லை. குர்ஆனின் நடையை எவரும் போன்மை செய்ய இயலாது என்பதால், அதனை மட்டும் கற்பவர் வேறு மொழிநடை எதனையும் பயிலாது போகின்றனர் என்று அதற்கு அவர் காரணம் கூறுகிறார். அந்தலுஸின் பிள்ளைகள் மொழியில் சிறந்தனர், பிற துறைகளில் பின்தங்கினர்.

இஷ்பீலியாவின் காழி அபூபக்ர் இப்னுல் அரபி (மறைவு 1148) முன்வைத்த ஒரு திட்டத்தை அவர் இங்கு எடுத்துரைக்கிறார். முதலில் அரபு மொழியும் கவிதையும், அடுத்துக் கணக்கு, அதன்பின் குர்ஆன் என்பது அத்திட்டம். பொருள் புரியாத வயதில் இறைவேதத்தைப் பிள்ளைக்குக் கற்பிப்பது ஏன் என்பது அக்காழியின் வினா. இப்னு கல்தூன் அம்முறையைச் சிறந்ததென மெச்சுகிறார். ஆனால் வழக்கம் அதற்கு இடந்தராது என்கிறார். பரக்கத்தையும் நன்மையையும் நாடிக் குர்ஆனை முற்படுத்துவது ஒரு காரணம். பெற்றோரின் ஆதரவில் இருக்கும்போது கல்லாத பிள்ளை, இளமையின் அலைகளில் சிக்கிக் குர்ஆனைக் கல்லாமலே போய்விடக் கூடும் என்னும் அச்சம் மற்றொன்று. பிள்ளை கல்வியைத் தொடர்வான் என்னும் உறுதி இருப்பின் காழியின் முறையே மேலானது என்று முடிக்கிறார்.

அறிவின் இயல்பு ஒரு வரிசையைக் கோருகிறது. வாழ்வின் நிலை வேறொரு வரிசையைக் கோருகிறது. இரண்டையும் மறைக்காமல் எடைபோட்ட இந்த நேர்மை நமக்குப் பாடமாக வேண்டும். இளவயதில் ஓதத் தொடங்குவதைக் குறைகூறுவோர் அவருடைய இரண்டாம் காரணத்தை மறக்கின்றனர். அவ்வாறு ஓதுவதோடு கடமை முடிந்தது என்போர் அவருடைய கடைசி நிபந்தனையை மறக்கின்றனர். பின்னர் வரவேண்டிய சுற்றுகள் வராமலே போகுமெனில் முதற்சுற்று முதற்சுற்றாகவே நின்றுவிடும்.

நவீனக் கோட்பாடுகளோடு ஓர் ஒப்பீடு

முகத்திமா 1857-58-இல் காஹிராவை அடுத்த பூலாக்கிலும் பாரிஸிலும் அச்சேறியது. அதே நூற்றாண்டின் இறுதியில் கற்றலைச் சோதனைகளால் ஆராயும் முயற்சி ஐரோப்பாவில் தொடங்கியது. ஜெர்மானியரான எபிங்ஹவுஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, மறதி எவ்வேகத்தில் நிகழ்கிறது என்பதை அளந்து 1885-இல் வெளியிட்டார். 1913-இல் அமெரிக்கரான வாட்ஸன் தொடங்கிய நடத்தையியல், கற்றலைத் தூண்டலுக்கும் எதிர்வினைக்கும் இடையிலான பழக்கமாகக் கண்டது. சுவிட்சர்லாந்தின் பியாஜே, குழந்தை தன் செயல்களின் வழியே அறிவைத் தானே கட்டியெழுப்புகிறது என்றும், அது படிநிலைகளில் வளர்கிறது என்றும் நிறுவ முயன்றார். அவர் பிறந்த அதே 1896-இல் பிறந்து 1934-இல் மறைந்த ரஷ்யரான வைகோட்ஸ்கி, அறிவு முதலில் மனிதர்க்கிடையே தோன்றிப் பின்னரே குழந்தையின் உள்ளத்தில் குடியேறுகிறது என்றார். ஒரே பாடத்தை உயர்ந்து செல்லும் சுற்றுகளில் மீண்டும் மீண்டும் எடுக்கும் சுருள் பாடத்திட்டத்தைப் புரூனர் 1960-இல் முன்மொழிந்தார். மனம் ஒரே வேளையில் தாங்கக்கூடிய செய்திகளின் அளவு மிகக் குறுகியது என்பதை மில்லர் 1956-இல் எடுத்துக்காட்டினார். படித்ததை மீண்டும் படிப்பதைவிட நினைவிலிருந்து எடுத்துரைக்க முயல்வதே நெடுநாள் நிலைக்கிறது என்பதை ரோடிகர், கார்பிக் ஆகியோரின் 2006-ஆம் ஆண்டுச் சோதனைகள் காட்டின.

மூன்று சுற்றுகள், இடைவெளியின் தீங்கு, சுருக்க நூலின் சுமை, நாவை அவிழ்த்தல் ஆகிய இப்னு கல்தூனின் கருத்துகளோடு இவற்றுக்குள்ள நெருக்கம் வெளிப்படை. ஆயினும் அனைத்தையும் நம்மவர் அன்றே சொல்லிவிட்டனர் என்று மார்தட்டுவது அவருக்கு நாம் செய்யும் நீதியன்று. அவர் சோதனைச் சாலையில் அளந்தவர் அல்லர். நகரங்களையும் கல்விக்கூடங்களையும் ஒப்புநோக்கிக் காரணம் தேடியவர். அவர் முடிவுகளுள் திருத்தம் வேண்டுவனவும் உண்டு. ஒரு மலகா ஊறிய உள்ளத்தில் மற்றொன்று முழுமையாக ஊறுவது அரிது, தாய்மொழி முந்திவிட்டால் அரபின் ஆற்றல் குறைவுபடும் என்று அவர் கருதினார். மொண்ட்ரீல் நகரில் இருமொழிச் சிறாரை ஆராய்ந்து 1962-இல் பீல், லேம்பர்ட் ஆகியோர் வெளியிட்ட முடிவு, இருமொழிப் பயிற்சி அறிவுக்குத் தடையாவதில்லை என்ற திசையில் ஆய்வைத் திருப்பியது.

அதேவேளையில் நவீனக் கோட்பாடுகள் பல தனித்தனியே கூறியவற்றை அவர் ஒரே வேரில் இணைத்தார் என்பதையும் மறத்தலாகாது. பயிற்சியால் ஊறுவது, படிகளில் வளர்வது, மனிதரிடமிருந்து வருவது ஆகிய மூன்றும் அவரிடத்தில் ஒரே கொள்கையின் முகங்கள். இவற்றோடு நான்காவதாக அவர் சேர்த்தது நாகரிகம். கிழக்கு நாடுகளின் மாணவர் மக்ரிபினரைவிட இயற்கையிலேயே அறிவு மிக்கவர் எனப் பயணிகள் எண்ணியதை அவர் மறுத்தார். வேறுபாடு இயற்கையில் இல்லை, கைவினைகளும் கல்வியும் செழித்த நகர வாழ்வு உள்ளத்தில் சேர்க்கும் கூடுதலான அறிவே அவ்வாறு தோன்றச் செய்கிறது என்றார். கைரவானும் குர்துபாவும் பாழானபோது மக்ரிபில் கற்பித்தலின் ஸனது அறுந்தது. ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டின் நடுவில் காழி இப்னு ஸைத்தூன் கிழக்கே சென்று, இமாம் ராஸியின் மாணவர்களிடம் கற்றுத் தூனிஸுக்குத் திரும்பிய பின்னரே அது மீண்டும் தொடுக்கப்பட்டது. நூல்கள் எஞ்சியிருப்பதால் மட்டும் அறிவு எஞ்சுவதில்லை.

நமக்குரிய பாடம்

இஸ்லாமியக் கலைகளை வளர்த்தோருள் பெரும்பாலோர் அரபு அல்லாதோர் என்று இப்னு கல்தூன் தனி அத்தியாயம் வகுத்துக் கூறுகிறார். அரபு இலக்கணத்தின் பேராசான் ஸீபவைஹியே பாரசீக வழிவந்தவர். இளமையிலேயே அரபுச் சூழலில் வளர்ந்ததால் அவர்களுக்கு அம்மொழி தாய்மொழிக்கு நிகரான மலகாவாயிற்று. அச்சூழல் வாய்க்காத பிள்ளைக்கு என்ன வழி? தமிழ் முஸ்லிம்களின் முன்னோர் இதற்குக் கண்ட விடைகளுள் ஒன்று அரபுத்தமிழ். கீழக்கரையின் இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) போன்றோர் மார்க்கச் சட்டங்களை அரபு எழுத்தில், தமிழ் மொழியில் எழுதினர். மதரஸாவில் அரபு எழுத்தைக் கற்ற ஆணும் பெண்ணும், கற்ற எழுத்தைக் கொண்டே தம் தாய்மொழியில் பொருளை எட்ட அது வழிசெய்தது. முதற்சுற்றை வீணாக்காமல் இரண்டாம் சுற்றுக்குப் பாலமிட்ட முறை அது. இன்று அவ்வெழுத்தைப் படிப்போர் அருகிவிட்டனர். அவ்வெழுத்தை மீட்பது ஒருபுறமிருக்க, அது ஆற்றிய பணியை இன்று எது ஆற்றுகிறது என்பதே நாம் வினவ வேண்டியது.

ஒப்பிக்கத் தெரிந்தும் விடை சொல்லத் தெரியாமல் நின்ற அச்சிறுவனிடம் மீண்டும் வருவோம். அவன் மந்தன் என்று நாம் முடிவு கட்டுவோமாயின், இப்னு கல்தூன் மறுத்த அதே பிழையைச் செய்தவராவோம். அவனுக்கு முதற்சுற்று கிடைத்துள்ளது, அதுவும் ஓர் அருட்பேறே. அடுத்த சுற்றுகளை அவனுக்கு அளித்தோமா? அவன் நாவை அவிழ்க்க அவையில் இடமளித்தோமா? அஞ்சாமல் பிழைபடப் பேச விட்டோமா? கற்பித்தல் ஒரு கைவினை எனில், அவ்வினைஞரை உருவாக்கவும் மதிக்கவும் நம் ஜமாஅத்துகள் என்ன செய்துள்ளன? அவனிடம் கேட்கும் முன் நம்மிடம் நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள் இவை.